மகளின் மரபணுவும் மாமாவின் புற்றுநோயும்

கேள்வி: நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் முதற்பிள்ளைக்கு, மகளுக்கு, இப்போது ஐந்து மாதம். பிறந்தபோதே கை கால் குட்டையாகவும் தலை பெரிதாகவும் இருந்தது. இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, எப்ஜிஎப்ஆர்3 என்ற மரபணுவில் ஜி380ஆர் என்ற விகாரம், நோய் அகொண்ட்ரோபிளேசியா என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு அது புற்றுநோய் மரபணு என்கிறா. என் மாமா, அதாவது கணவரின் தகப்பன், சிறுநீர்ப்பைப் புற்றுநோயால்தான் இறந்தவர். அவரிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்ததா? நாங்கள் சொந்தத்துக்குள் முடித்தவர்கள், அதனாலா? ஐந்தாம் மாத ஸ்கானில் எல்லாம் சரி என்றார்களே? இன்னொரு பிள்ளை பெறலாமா? உயரம் கூட ஊசி இருக்கிறதாம், வாங்கி அனுப்பட்டுமா என்றும் மச்சாள் கேட்கிறா. மாமி தினமும் எண்ணெய் பூசிக் கை கால் இழுத்துவிடுகிறா, அது உதவுமா? இரவில் எனக்கு நித்திரையே இல்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை நித்திரை கொள்ளவிடாத கேள்விக்கே முதலில் வருகிறேன். இந்த விகாரத்தோடு, அதாவது மரபணுவில் நேர்ந்த இந்த மாற்றத்தோடு, பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புற்றுநோய் வருவதாகக் காணப்படவில்லை. அகொண்ட்ரோபிளேசியா என்ற இந்த என்பு வளர்ச்சிக் குறை உள்ளவர்களின் மரணக் காரணங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் மேலோங்கி நின்றவை வேறு: குழந்தைப் பருவத்தில் திடீர் மரணம், வளர்ந்தபின் இதய நோயும் நரம்புச் சிக்கல்களும். ஆகவே உங்கள் மகளுக்குப் புற்றுநோய்க்கான விசேட ஸ்கானோ சிறுநீர்ப் பரிசோதனையோ வேண்டியதில்லை. வேண்டியது, நீங்கள் கேட்காத ஒன்று: அவளுடைய பிடரியையும் நித்திரையில் மூச்சையும் கவனிப்பது. கடிதத்தில் எம்ஆர்ஐ பற்றியோ தூக்க ஆய்வு பற்றியோ ஒரு சொல்லும் இல்லாததுதான் எனக்குக் கவலை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மச்சாள் வாசித்தது பொய்யல்ல, பாதி. எப்ஜிஎப்ஆர்3 நான்காம் நிறமூர்த்தத்தின் குறுங்கரத்து நுனியருகே இருக்கிறது. எல்லாரிடமும் இரண்டு பிரதி உண்டு. அது ஆக்கும் புரதம் கலத்தின் மென்சவ்வை ஊடுருவி நிற்கும் ஒரு வாங்கி. வெளியில் நிற்கும் பகுதி வளர்ச்சிக் காரணிகளைப் பிடிக்கும். உள்ளே நிற்கும் பகுதி கலத்துக்குக் கட்டளை கொடுக்கும். காரணி வந்து ஒட்டும்போது மட்டும் கட்டளை போவதுதான் முறை. உங்கள் மகளில், மென்சவ்வுக்குள் அமைந்த பகுதியில் 380ஆம் இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் என்ற வேறொன்று வந்திருக்கிறது. அறிக்கையிலுள்ள ஜி380ஆர் என்பது இதுதான். 1994இல் அகொண்ட்ரோபிளேசியாவின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டபோது ஆய்வாளர்கள் வியந்தது, ஏறக்குறைய எல்லா நோயாளிகளிலும் இதே ஓர் எழுத்துப் பிழையே இருந்ததைக் கண்டுதான். இதனால் கட்டளை தேவைக்கு மேலாகவும் தேவைக்கு அதிக நேரமும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் கட்டளை என்ன செய்யும் என்பது கலத்தைப் பொறுத்தது. நீள என்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டின் கசியிழையக் (குருத்தெலும்புக்) கலங்கள் அதைக் கேட்டால் பெருகுவதைக் குறைத்துக்கொள்ளும். 1996இல் இந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது அவற்றின் என்புகள் வழமையைவிட நீளமாக வளர்ந்தன. இது என்பு வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மரபணு என்பது அதிலிருந்து உறுதியானது. சிறுநீர்ப்பையின் உட்படலக் கலங்களோ அதே கட்டளையைக் கேட்டுப் பெருகும். பள்ளிக்கூட மணி ஒன்றுதான். காலையில் அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்குள் போகிறார்கள், பள்ளி விடும்போது அடித்தால் வீட்டுக்கு ஓடுகிறார்கள். புற்றுநோய் பற்றிய கட்டுரைகளில் இந்த மரபணுவின் பெயர் வருவது இந்த இரண்டாவது விளைவால். மேலோட்டமாக நிற்கும், திரும்பத் திரும்ப வரும் வகைச் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணுவில் விகாரம் இருக்கும். மல்ரிப்பிள் மயலோமா என்ற இரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 15 வீதமானோரில் நான்காம், பதினான்காம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இது முடுக்கிவிடப்படுகிறது. 2019இல் அமெரிக்காவில் எர்டாஃபிடினிப் என்ற மாத்திரை அனுமதி பெற்றபின், கட்டிகளில் இந்த விகாரத்தைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இணையத்தில் தேடினால் புற்றுநோய்ப் பக்கங்கள் முன்னால் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தக் கட்டிகளில் உள்ள விகாரம் பிறவியில் வந்ததல்ல. வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பையில் ஏதோ ஒரு கலத்தில் இடையில் உண்டாகி, அந்தக் கலத்தின் வழித்தோன்றல்களில் மட்டும் இருப்பது. அது விந்துக்குள் போவதில்லை, பேரப்பிள்ளைக்கு இறங்குவதுமில்லை. அந்த ஒரு விகாரம் மட்டும் புற்றுநோய்க்குப் போதுவதுமில்லை. வேறு மரபணுக்களிலும் பழுதுகள் சேரவேண்டும். அவற்றைச் சேர்ப்பதில் முதன்மையானது புகைத்தல். சிகரெட்டாயினும் பீடியாயினும் அதன் நச்சுகள் சிறுநீரில் கரைந்து மணிக்கணக்காகச் சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்கின்றன.

மாமாவிடமிருந்து வரவில்லை என்பதற்கு ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. ஜி380ஆர் விகாரத்தை உடல் முழுவதும் சுமப்பவர் எவரும் சாதாரண உயரத்தில் இருக்கமாட்டார். மறைந்திருந்து பேரப்பிள்ளையில் தலைகாட்டும் வகை இது அல்ல. மாமாவும் கணவரும் சாதாரண உயரம் என்றால் இருவருமே இதைச் சுமந்தவர்கள் அல்ல. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது வேறொரு விகாரம், எஸ்249சி. அது கருவிலேயே இருந்தால் தனடோஃபோரிக் டிஸ்ப்ளேசியா என்ற மிகக் கடுமையான என்பு நோயாகிவிடும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் பிறந்த கையோடு இறந்துவிடுகிறார்கள். மாமா வளர்ந்து, பிள்ளை பெற்று வாழ்ந்தவர். அவருடைய கட்டியில் அந்த விகாரம் இருந்திருந்தாலும் அது கட்டிக்குள் மட்டுமே இருந்திருக்கும். மகளின் நோயும் அவருடைய நோயும் ஒரே வீட்டில் வந்தது தற்செயல். யாராவது இதைக் குடும்பச் சாபம் என்று கதைத்தால் இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? அகொண்ட்ரோபிளேசியாப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் சாதாரண உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். விகாரம் புதிதாக, தகப்பனின் விந்தை உண்டாக்கும் கலங்கள் பிரியும்போது நேர்கிறது. தகப்பனின் வயது கூடக் கூட இதற்கான வாய்ப்புக் கூடும். விகாரம் ஏற்பட்ட கலம் விதைக்குள் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகப் பெருகுவது அதற்கு ஒரு காரணம். இது எந்த ஆணுக்கும் நேரக்கூடியது. உங்கள் கணவர் செய்த எதனாலும் நேர்ந்ததல்ல, நீங்கள் கர்ப்பத்தில் சாப்பிட்டதாலோ கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ நேர்ந்ததுமல்ல. சொந்தத்துக்குள் முடித்ததும் காரணமல்ல. தாய், தகப்பன் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைக் கொடுத்தால் மட்டும் வரும் நோய்களில்தான் அந்த உறவு முக்கியம். இங்கே ஒரு பிரதி போதும், அந்த ஒன்றும் புதியது.

ஐந்தாம் மாத ஸ்கானைக் குறை சொல்லாதீர்கள். இந்த நோயில் தொடை என்பு பின்தங்குவது பெரும்பாலும் 24 கிழமைக்குப் பின்னரே அளவில் தெரியவரும். 20 கிழமையில் சரியாக இருந்தது என்றால் அப்போது அளவு உண்மையிலேயே சரியாக இருந்திருக்கும்.

அடுத்த பிள்ளையைத் தாராளமாகப் பெறலாம். திரும்ப வரும் வாய்ப்பு 100இல் ஒன்றுக்கும் குறைவு. பூச்சியம் என்று சொல்லாததற்குக் காரணம், அபூர்வமாகச் சிலரில் விந்தை ஆக்கும் கலங்களில் ஒரு பகுதியே விகாரத்தோடு இருக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் வழக்கமான ஸ்கானுடன் 28 முதல் 32 கிழமைக்குள் ஒன்று கூடுதலாக எடுத்துத் தொடை என்பையும் தலையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் வளர்ந்து தாயாகும்போது கணக்கு வேறு. அவளுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. இவற்றை விளக்கமாகக் கேட்க விரும்பினால் கொழும்பு மருத்துவ பீடத்தின் மானிட மரபியல் அலகில் மரபியல் ஆலோசனை பெறலாம். போகும்போது அறிக்கையின் மூலப்பிரதியைக் கொண்டுபோங்கள்.

இனி நீங்கள் கேட்காத விடயம். மண்டையோட்டின் அடியில் முண்ணாண் இறங்கிவரும் துவாரம் ஒன்று உண்டு. மண்டையின் அடிப்பகுதியும் கசியிழையத்திலிருந்தே என்பாக மாறுவதால், இந்தப் பிள்ளைகளில் அந்தத் துவாரம் சிறியதாகவும் ஒடுங்கியும் இருக்கும். தலையோ பெரிது, கழுத்துத் தசைகள் தளர்வு. தலை முன்னும் பின்னும் விழும்போது மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி அந்த ஒடுங்கிய விளிம்பில் நசுங்கலாம். முன்னைய காலத்தில், கண்காணிப்பு இல்லாத குழந்தைகளில் 100 பேரில் 2 முதல் 5 பேர் முதல் வருடத்தில் நித்திரையிலேயே திடீரென்று இறந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒழுங்காகக் கண்காணித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை மூலம் துவாரத்தைப் பெருப்பித்தபின் இந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. சத்திரசிகிச்சை தேவைப்படுவது சிலருக்கு மட்டுமே. ஆனால் யாருக்குத் தேவை என்பதை வெளியில் பார்த்து ஊகிக்க முடியாது.

ஆகவே இந்தக் கிழமையே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியின் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, மூளையும் கழுத்தும் சேர்ந்த எம்ஆர்ஐ. இரண்டு, இரவு முழுவதும் மூச்சையும் ஒட்சிசன் அளவையும் பதியும் தூக்க ஆய்வு. எங்கே செய்யலாம் என்பதை அவரே சொல்லி அனுப்புவார், வெளியூர் போகவேண்டி வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மூன்று, ஒவ்வொரு கிளினிக்கிலும் தலைச் சுற்றளவு. அதை அகொண்ட்ரோபிளேசியாப் பிள்ளைகளுக்கென உள்ள வரைபில் குறிக்கவேண்டும். சாதாரண வரைபில் இவர்களுடைய தலை எப்போதும் மேலேயே நிற்கும். வீணாகப் பயப்படவும் நேரும், உண்மையான மாற்றம் தெரியாமல் போகவும் நேரும். கவனிக்கவேண்டியது அளவு கோட்டைத் தாண்டி மேல்நோக்கி வளைகிறதா என்பதையே. எம்ஆர்ஐக்கு மயக்க மருந்து கொடுப்பதானால், கழுத்தைப் பின்னால் வளைக்கக்கூடாது என்பதை மயக்க மருந்து வைத்தியரிடம் நீங்களும் நினைவூட்டுங்கள். இனி எந்தச் சத்திரசிகிச்சை என்றாலும் இது பொருந்தும்.

வீட்டில் செய்யக்கூடியது: பிள்ளை ஆழ்ந்து நித்திரை கொள்ளும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சும் முகமும் தெரியும்படி ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். வைத்தியருக்கு உங்கள் விவரிப்பைவிட அது பயன்படும். குறட்டை, தலையைப் பின்னால் வளைத்தே படுத்தல், நித்திரையில் அதிகமாக வியர்த்தல், பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுதல், பாதத்தை மேலே மடித்துப் பிடித்தால் கணுக்கால் தொடர்ந்து துடிப்பது, ஒரு பக்கக் கை கால் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம். உச்சிக்குழி புடைத்து, வாந்தியும் சோர்வும் சேர்ந்து, கண் கீழ்நோக்கியே நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதற்குக் குறைவானாலும் உதடு நீலம் பாரித்தாலோ 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

மாமியிடம் மரியாதையாகச் சொல்லவேண்டிய சில விடயங்களும் உண்டு. எண்ணெய் பூசி மெல்லத் தடவிக் குளிப்பாட்டலாம், அதில் பிழையில்லை. கை காலை இழுப்பதால் ஒரு மில்லிமீற்றரும் கூடாது. குட்டையாக இருப்பது வளர்ச்சித் தட்டின் வேகத்தால், சுருங்கியதால் அல்ல. தலையைப் பிடித்து உருட்டி வடிவாக்குவது, கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது ஆகிய மூன்றும் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து. ஏணையும் வேண்டாம். ஏணைப் பிடவைக்குள் முதுகு வில்லாக வளைந்து நாடி நெஞ்சில் முட்டும். மூச்சுக்கும் கூடாது, முதுகுக்கும் கூடாது. கடினமான தட்டையான மெத்தையில், தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

முதுகைப் பற்றிச் சொன்னதால் இருத்துவதையும் சொல்லவேண்டும். தானாக எழும்பி இருக்குமுன் தலையணை அணைகொடுத்தோ, துணி நாற்காலியிலோ, நெஞ்சில் கட்டும் பையிலோ இருத்தினால், பெரிய தலையின் பாரம் தளர்ந்த முதுகின் நடுப்பகுதியை முன்தள்ளிக் கூனாக்கும். அந்த வளைவு பெரும்பாலானோரில் நடக்கத் தொடங்கியபின் நிமிர்ந்துவிடும். நிமிராதவர்களில் முள்ளெலும்புகள் ஆப்பு வடிவமாகி, பின்னர் நரம்புகளை நெருக்கும். ஆறாம் மாதம் சோறு தீத்தும்போது கோயிலிலும் வீட்டிலும் பிள்ளையை நிமிர்த்தி இருத்தும் வழக்கம் உண்டு. தகப்பனின் மடியில் பாதி சாய்வாக, 45 பாகைக்கு மேல் உயராமல், முதுகும் பிடரியும் அவருடைய கையில் தாங்கியபடி தீத்துங்கள். குப்புறப் போட்டு விளையாடவிடுவது நல்லது. முதுகுத் தசை அப்படித்தான் பலப்படும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவேண்டாம். ஓட்டோவில் போவதானால் ஒரு கை எப்போதும் பிடரியில் இருக்கட்டும். இவர்கள் பிந்தித்தான் நடப்பார்கள், பலர் ஒன்றரை வயதுக்குப் பின். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு அவசரப்படுத்தாதீர்கள். அறிவு வளர்ச்சியில் குறை இருக்காது.

நிறை விடயத்தில் ஒரு சிக்கல் வரப்போகிறது. கிளினிக் அட்டையின் வயதுக்கேற்ற நிறைக் கோட்டுக்கு உங்கள் மகள் கீழே நிற்பாள். திரிபோஷாச் சத்துமாவைக் கூட்டிக் கொடுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். இவளுக்கு வயதுக்கேற்ற நிறையைப் பார்ப்பது பொருந்தாது, நீளத்துக்கேற்ற நிறையைத்தான் பார்க்கவேண்டும். தேவைக்கு மேல் ஊட்டி ஏறும் ஒவ்வொரு கிலோவும் பின்னாளில் முழங்காலிலும் முதுகிலும் நித்திரை மூச்சிலும் தங்கும். கல்சியம், விற்றமின் டி, உயரத்துக்கான டொனிக் எதுவும் இந்த நோயை மாற்றாது. காதுச் சளி அடிக்கடி வரும். ஒரு வயதுக்குள் கேள்திறன் பரிசோதனை செய்வியுங்கள். பேச்சுப் பிந்துவதற்கு இவர்களில் காதே பெரும்பாலும் காரணம்.

மச்சாள் சொன்ன ஊசி வோசோரிடைட். அது மரபணுவைத் திருத்துவதில்லை. கசியிழையக் கலத்தில் வேறொரு வாங்கி வழியாகப் போய், மிதமிஞ்சிய கட்டளையின் பாதையை இடையில் தணிக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வில் 5 முதல் 17 வயதான 121 பிள்ளைகள் ஒரு வருடம் பங்குபற்றினர். வெற்று ஊசி போட்டவர்களைவிட மருந்து போட்டவர்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 1.6 சென்ரிமீற்றர் கூடுதலாக வளர்ந்தார்கள். 2021இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2023 முதல் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும். வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை ஒவ்வொரு நாளும் தோலுக்கடியில் போடவேண்டும், நிறைக்கேற்ப அளவை மாற்றவேண்டும். போட்டபின் இரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் முன்கூட்டியே பாலோ உணவோ கொடுத்திருக்கவேண்டும். விலை மிக அதிகம். யாரோ பயணப் பெட்டியில் கொண்டுவந்து சில மாதம் போட்டு நிறுத்துவதில் பயனில்லை. நிபுணர் ஒருவர் பொறுப்பேற்று, மருந்து தடையின்றிக் கிடைக்கும் வழியும் இருந்தால் யோசிக்கலாம். முதலில் எம்ஆர்ஐ முடியட்டும்.

இந்த மரபணுவைத் தடுக்கும் புற்றுநோய் மாத்திரை என்று மச்சாள் இன்னொன்றை அனுப்ப நினைத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். எர்டாஃபிடினிப் இரத்தத்தில் பொஸ்பேற்றை ஏற்றும், விழித்திரையைப் பாதிக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஃபிக்ராடினிப், புற்றுநோய்க்கு நாளொன்றுக்கு 125 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. அகொண்ட்ரோபிளேசியாப் பிள்ளைகளில் ஒரு கிலோ நிறைக்கு 0.25 மில்லிகிராம், அதாவது 10 கிலோ பிள்ளைக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவில் ஆய்வுகள் நடந்துவருகின்றன. ஆய்வுக்கு வெளியே வீட்டில் கொடுத்துப் பார்க்கும் மருந்தல்ல அது.

கணவருக்கும் ஒரு வரி: அவருக்கு இந்த மரபணுவுக்கான பரிசோதனை வேண்டாம். புகைப்பவரென்றால் நிறுத்தட்டும். நோவில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால், ஒருமுறை மட்டும் போய் நின்றுவிட்டாலும், வைத்தியரிடம் காட்டட்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது மரபணு அறிக்கை, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, நித்திரை வீடியோ மூன்றையும் கொண்டுபோங்கள். எம்ஆர்ஐக்குத் திகதி பிந்திக் கிடைத்தால் வீடியோவைக் காட்டி முன்னுக்கு எடுத்துத் தரும்படி கேளுங்கள். மூச்சு நிற்பது அதில் தெரிந்தால் திகதி கேட்டு அலையவேண்டியதில்லை, அன்றைக்கே வார்ட்டில் அனுமதிக்கச் சொல்லுங்கள்.